அறிந்த நேரம் 7:22

செவ்வாய்

இந்த நோட்டை ஆரம்பித்து இன்றோடு பதினேழு நாள். மாலை வகுப்பில் சேர்ந்த அன்றே அந்தோணிராஜ் சார் எல்லோரையும் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். "நடந்ததை நடந்த வரிசையில எழுதிப் பழகுங்க. சாட்சி சொல்றவன் தடுமாறுறதே வரிசையிலதான்" என்றார். இருபத்திரண்டு பேரில் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதையும் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

பகலில் எனக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள இ-சேவை மையத்தில் வேலை. வருகிறவர்களுக்கு மெசேஜ் அனுப்புகிற 'தூது' ஆப்பில் செட்டிங்ஸ் மாற்றிக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கேள்வி. "இந்த மண்டை டிக்கை எப்படிம்மா எடுக்கிறது?" எடுக்க முடியாதுங்க. "மறைக்கவாவது முடியுமா?" மறைக்கலாங்க, ஆனா மத்தவங்களோடதும் உங்களுக்குத் தெரியாது. "அதெப்படி, அவங்களது எனக்குத் தெரியணும்ல?" இதையே ஒரு நாளைக்கு நாற்பது தடவை பேசுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் இன்று அதுதான் பாடம். சான்றுச் சட்டம், ஏழாவது அலகு, மூன்றாவது டிக்.

"முதல் டிக், அனுப்பியாச்சு. ரெண்டாவது, போய்ச் சேர்ந்தாச்சு" என்று சார் போர்டில் போட்டார். "நம்ம அப்பா காலத்துல அது நீலமா மாறுனா திறந்து பாத்தாச்சுன்னு அர்த்தம். ஆனா திறந்தவன் படிச்சானா? படிச்சவன் மண்டையில ஏறிச்சா? கோர்ட்டுல இதே ரோதனை. 'நோட்டீஸ் பாத்தேன், படிக்கல'ம்பான். அதுக்குத்தான் மூணாவது. போனோட கேமரா உங்க கண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கு. எழுத்து உள்ள போன நொடியில டிக் விழுந்துடும். கீழேயே அறிந்த நேரம், விநாடி வரைக்கும். அழிக்க முடியாது, மாத்த முடியாது."

பஸ் கண்டக்டர் பஷீர் அண்ணன் கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். "சார், எங்க வீட்டம்மாவுக்கு நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியுது. அதுக்கு எந்த டிக்கு சார்?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "டிக் இல்லேன்னா தெரியாது. சட்டத்துக்கு அவ்வளவுதான்" என்றார். அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

"சார், திறக்கவே இல்ல, மேலாப்புல நோட்டிஃபிகேஷன் வந்துட்டுப் போகும்போது கண்ணு பட்டுருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அரை விநாடி போதும்மா. பட்டது பட்டதுதான்."

நான் கேட்டது பாடத்துக்காக அல்ல. வெள்ளிக்கிழமை என் அக்கா யாழினிக்குக் கல்யாணம். இது இரண்டாவது தேதி. முதல் தேதியை அந்த அரை விநாடிதான் தின்றது.

அதையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு, நல்ல காரியம் எதுவும் நடக்காது. ஆனால் அந்தத் தீட்டு உயிர் போன நேரத்தில் ஆரம்பிக்காது. நம் காதில் விழுந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால் கல்யாண வீட்டுக்கு யாரும் சாவுச் செய்தி கொண்டுபோக மாட்டார்கள். தெரிந்தவர் தெரியாத மாதிரி வந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, தாலி ஏறிய பிறகுதான் பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்வார். எங்கள் அம்மாவின் கல்யாணத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியுமாம். ஒருத்தர் முகத்திலும் தெரியவில்லையாம்.

மூன்றாவது டிக் வந்த பிறகு அதெல்லாம் போச்சு. இப்போது மண்டபத்து ஆபீஸ் எல்லாவற்றிலும் ஒரு மெஷின் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முன் வீட்டு குரூப்பைக் காட்டினால் 'தெளிவுச் சீட்டு' அடித்துக் கொடுக்கும். குடும்பத்தில் யாருக்காவது ஒரு சாவுச் செய்திக்கு மூன்றாவது டிக் விழுந்திருந்தால் அந்தப் பேர் சிவப்பில் வரும். இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், அதனால் நாமும் கொடுக்கிறோம்.

ஆவணியில் அப்பாவின் சித்தப்பா நிலக்கோட்டையில் தவறிப்போனார். கல்யாணத்தன்று விடிகாலை அப்பா மண்டப வாசலில் நின்று பூக்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். மணி நாலு பத்து. மேலாப்பில் ஒரு வரி வந்து போனது. சீட்டில் தண்டபாணி என்ற அப்பாவின் பேர் சிவப்பாக வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா சௌந்தரபாண்டி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க சம்பந்தி" என்றார். யாழினி மணப்பெண் அறையில் உட்கார்ந்து தலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாகத் தானே எடுத்தாள். ஒரு மணி நேரம் எடுத்தாள். உதவி செய்யலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாததால் நாங்கள் சும்மா நின்றோம்.

இந்தத் தடவையும் தட்டிப்போனால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சௌந்தரபாண்டி மாமா சொல்லியனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பெரியப்பா பழனிவேல் மதுரையில் ஐ.சி.யூ.வில் இருக்கிறார்.

புதன்

இன்று லீவு போட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களின் ஒன்பது போன்களையும் வாங்கி வரிசையாகக் கட்டிலில் வைத்து, ஒவ்வொன்றிலும் மேலாப்பில் வருகிற நோட்டிஃபிகேஷனில் எழுத்துத் தெரியாதபடி செய்தேன். வெள்ளிக்கிழமை விடிகாலையில் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பைக்குள் போட்டுவிடுவேன். தாலி ஏறும் வரை யாரும் எதையும் பார்க்கக் கூடாது.

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டாப் போச்சு. இதுக்கு ஒரு நாள் லீவா?" என்றார் அம்மா.

"ஆஃப் பண்ணா சீட்டுல மஞ்சள்ல 'தவிர்ப்பு'ன்னு வரும்மா."

"தெரிஞ்சாலும் தப்பு, தெரிஞ்சுக்காம இருந்தாலும் தப்பு. எவன்டி இதைக் கண்டுபிடிச்சான்?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அதற்கும் இந்த டிக்தான் காரணம். 'நாளைக்கு ஆபரேஷன்னு சொல்றாங்க. வர்றியா?' என்று பெரியப்பா அனுப்பியபோது அப்பா பைக்கில் போய்க்கொண்டிருந்தார், ஹேண்டில்பாரில் போன். வழி பார்க்கும்போது கண் பட்டது, டிக் விழுந்தது. ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் அப்பா பதில் போட்டார்; அதற்கு முன் படிக்கவே இல்லை என்று இன்று வரை சத்தியம் செய்கிறார். பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "ஒம்போது மணி நேரம் உனக்குத் தெரிஞ்சே இருந்துச்சுல்ல?" அதன் பிறகு அவர் அனுப்பிய எதையும் அப்பா திறக்கவில்லை. ரோஷம்.

"அப்பா, உங்க போனை?" என்றேன்.

"நாளைக்கு ராத்திரியே குடுத்துர்றேன். நீயே வச்சுக்க. என் கையில இருந்தா கண்ணு சும்மா இருக்காது."

கடைசியாக என்னுடையதைச் செய்ய வேண்டும். பூக்காரர், ஐயர், வேன் டிரைவர் எல்லோருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். எழுத்தை மறைத்தால் எது அவசரம் என்று எனக்கே தெரியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இதை எழுதும்போதே சரியில்லை என்று படுகிறது.

சனி

நேற்று எழுத முடியவில்லை. நேரங்களைப் போனில் பார்த்துச் சரிபார்த்து எழுதுகிறேன்.

வியாழன் இரவு ஒன்பது மணிக்கு அப்பா போனை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு ஆளைக் காணோம். விடிகாலை நாலரைக்கு அம்மா கேட்டார், "உங்கப்பா எங்கடி?"

"சமையல்கட்டுல இருப்பாரும்மா."

சமையல்கட்டில் இல்லை. "ஒம்போது மணிக்கு வந்து சாம்பார்ல உப்பு பாத்துட்டுப் போனாருப்பா" என்றார் சமையல் மாஸ்டர். எங்கே என்று கேட்கலாம் என்றால் அவர் போன் என் பையில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று எங்காவது ஒரு மூலையில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாடி, ஸ்டோர் ரூம், ஜெனரேட்டர் ஷெட் எல்லாம் தேடினேன்.

5:07க்கு என் தோளில் தொங்கிய பை அதிர்ந்தது. ஒரு போன் அல்ல, ஒன்பதும் ஒரே நேரத்தில். தேனீக் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி அறிவிப்பு ஒன்றுதான் அப்படி வரும். அதை ஊமையாக்கவும் முடியாது, காத்திருக்கச் சொல்லவும் முடியாது. பெரியப்பா மகன் பரணி அண்ணன் முகூர்த்தம் வரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டிருப்பான். ஆனால் உறவு என்று பதிவான எல்லோருக்கும் மெஷின் தானாகவே அனுப்பிவிடும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் டிக் இல்லை. 'டிக் இல்லேன்னா தெரியாது' என்ற வரியைச் சொல்லிக்கொண்டே படியில் நின்றேன். அப்படியே நின்றிருந்தால் போதும். கையில் இருந்த என் போன் அடித்தது. பூக்காரர். எடுப்பதற்காகக் குனிந்து பார்த்தேன்.

மேலாப்பில், 'திரு. பழனிவேல் (64) இன்று அதிகாலை 4:02 மணிக்கு'. அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்க வேண்டியதும் இல்லை.

அறிந்த நேரம் 5:09:31.

ஒன்பது பேர் போனில் செட்டிங்ஸ் மாற்றியவள் தன் போனில் மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற வேலை எனக்கு. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகைகூட வரவில்லை. பெரியப்பாவை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் மெஷின் சீட்டு அடிப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சீட்டு அடிப்பது ஐந்தரைக்கு. யோசித்தேன். டிக்கை மறைத்தால் சீட்டில் என் பேருக்கு எதிரே கோடு வரும். கோடு வந்தால் கேள்வி வரும். மெஷின் அந்த நிமிஷம் வீட்டு குரூப்பில் யார் இருக்கிறார்களோ அவர்களை மட்டும்தான் பார்க்கும். அப்பா, அம்மா, யாழினி, நான். விருந்தாளியாக மாப்பிள்ளை நிதின்; விருந்தாளியை மெஷின் எண்ணாது.

5:12க்கு குரூப்பை விட்டு வெளியே வந்தேன். 'தாரிகா வெளியேறினார்.'

எங்கள் வீட்டார் போன் எல்லாம் என் பையில். நிதின் போன் அவர் கையில். அவர் அம்மா அதை எட்டிப் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் என் அம்மா என்னை ஜெனரேட்டர் ஷெட் பக்கமாக இழுத்துப்போனார்.

"கல்யாணத்தன்னைக்கா குரூப்பை விட்டுப் போவே? சம்பந்தியம்மா என்னைக் கேக்குறாங்க, சின்னவளுக்கு இதுல இஷ்டமில்லையான்னு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கு."

"கை பட்டுருச்சும்மா."

"கை பட்டா போவும்? 'உறுதியா'ன்னு கேக்கும்ல? நீதான சொல்லிக் குடுத்த!"

சொன்னால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். டிக் விழாது, ஆனால் அம்மாவால் முகத்தை வைத்துக்கொள்ள முடியாது. வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினேன்.

ஐந்தரைக்கு ஆபீஸ் ரூமில் சீட்டு வந்தது. தண்டபாணி, தெளிவு. ஜெயந்தி, தெளிவு. யாழினி, தெளிவு. சௌந்தரபாண்டி மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"ஆவணியில நாலு பேர் இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணப்பெண் அறைக் கதவு எதிரேதான், பாதி திறந்திருந்தது.

"எனக்கும் அக்காவுக்கும் சண்டை மாமா" என்றேன். "நான்தான் வெளிய வந்துட்டேன்."

"என்ன சண்டை?"

"சேலை. எனக்கு எடுத்த கலர் பிடிக்கல. அவ மட்டும் நல்லதா எடுத்துக்கிட்டா."

மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா, பொம்பளப் பிள்ளைக கதையை! அக்கா கல்யாணத்துல சேலைக்குச் சண்டை!" என்று கையெழுத்துப் போட்டார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சித்தி ஒருத்தி வந்து, "உங்கக்கா சொல்லச் சொன்னா, உன்னை மேடைக்கு வர வேணாமாம்" என்றாள்.

நல்லதுதான். எனக்குத் தீட்டு. நானே ஒதுங்கியிருக்க வேண்டியவள். ஆனால் அந்தச் சேலையை யாழினிதான் மூன்று கடை ஏறி எனக்கென்று தேடி எடுத்தாள்.

5:40க்கு அப்பா வந்தார். பட்டு வேட்டி, தலை சொட்டச் சொட்ட ஈரம். காலில் யாருடையதோ நீல ரப்பர் செருப்பு. அளவு பற்றாமல் குதிகால் வெளியே தொங்கியது.

"எங்கப்பா போனீங்க?"

"குளிச்சேன்."

"ராத்திரி பூராவுமா?"

அம்மா அதற்குள் வந்துவிட்டார். "பட்டு வேட்டிக்கு இந்தச் செருப்பா? போன மாசம் வாங்குன பிரவுன் செருப்பு எங்க?"

"எங்கயோ கிடக்கு."

"எங்கயோன்னா? நாந்தான் உங்களுக்குச் செருப்பும் காவல் காக்கணுமா? சரி, வாங்க மேடைக்கு. தாரை வார்க்கணும், ஐயர் கூப்புடுறார்."

"முழங்கால் வலிக்குது. உக்காந்தா எந்திரிக்க முடியாது. உங்கண்ணனையும் அண்ணியையும் உக்காரச் சொல்லு."

அம்மா அப்படியே நின்றார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா உட்காராமல் தாய்மாமா உட்காருவதா? கெஞ்சினார், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். அப்பா அசையவில்லை. கடைசியில் மாமாவும் அத்தையும்தான் உட்கார்ந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவரைக் காப்பாற்ற நான் ஊர் முன்னால் பொய் சொல்லி அக்காவை இழந்திருக்கிறேன். இவர் முழங்கால் வலிக்கிறது என்கிறார்.

இரண்டு பேரும் மண்டபத்தின் கடைசியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். நடுவில் மூன்றடி இருக்கும். அவரும் கிட்டே வரவில்லை, நானும் போகவில்லை.

"நீ ஏன் மேல போகல?" என்றார்.

"அக்கா வேணாம்னுட்டா. நீங்க?"

"முழங்கால்."

"நேத்து ரெண்டு அண்டா தூக்குனீங்க."

"நேத்து வலிக்கல."

அட்சதைத் தட்டு வந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தட்டு என்னைத் தாண்டிப்போனது, நானும் எடுக்கவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. மணி 6:48. எல்லோர் கையும் மேலே போனது. எங்கள் இரண்டு பேர் கை மட்டும் அப்படியே இருந்தது.

"அட்சதை எடுக்கலையா?" என்றார் அப்பா, மேடையைப் பார்த்தபடியே.

"நீங்க?"

"தட்டு வர்றதுக்குள்ள தீந்துபோச்சு."

தட்டு நிறைய இருந்ததை நான் பார்த்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வேறு யாராவது சாட்சியாக இருந்து இதைச் சொல்லியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். எரிச்சலில் இருப்பவளுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

முதல் பந்தி எழுந்த பிறகு அப்பாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் சொல்லவே இல்லை. அவர் போனைத் திறந்து கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். டிக் விழுந்தது. 7:22:40.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சரி" என்றார். "பிள்ளைக சாப்பிடட்டும். அம்மாகிட்ட மெதுவா சொல்லு. யாழினி கிளம்புற வரைக்கும் அழக் கூடாதுன்னு சொல்லு."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மூன்று வருஷ ரோஷம் சாவோடுகூட முடியவில்லையா? அந்தக் கேமரா அவர் கண்ணில் எதைப் பார்த்து டிக் போட்டது? "உங்க அண்ணன்ப்பா!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்" என்றார். போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

7:31க்கு அது என் கையில் அதிர்ந்தது. பரணி அண்ணன், அப்பாவுக்கு. என் கண்ணுக்கு அப்பா போனில் டிக் விழாது, அதனால் படித்தேன்.

'சித்தப்பா, முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்னு இப்பத்தான் அனுப்புறேன். ஐ.சி.யூ. வாசல்ல உங்க பிரவுன் செருப்பு கிடக்கு, எடுத்து வச்சிருக்கேன். நீங்க போட்டுட்டுப் போனது பக்கத்து பெட்டுக்காரரோட மகனோடது. பாவம், அவர் தேடிக்கிட்டு இருக்கார்.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். ஈரத் தரையில் நீல ரப்பர் செருப்பு, வெளியே தொங்கும் குதிகால்.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"செருப்பைக் கேக்குறான்."

அவரும் குனிந்து பார்த்தார். அதுவரை அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் நன்றாகவே மடங்கியது.

"எப்பப்பா போனீங்க?"

"ஒம்போதரை பஸ்."

"பேசினாரா?"

"வாயில டியூப்பு. 'வந்துட்டேண்ணே'ன்னேன். கண்ணைத் திறந்து பாத்தான்."

"நீங்கன்னு தெரிஞ்சுதா அவருக்கு?"

"தெரியல. தெரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்? குரூப்பை விட்டு ஏன் வெளிய வந்தே?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இப்போது மூன்றடி தேவைப்படவில்லை.

ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயங்காலமே மதுரை போய்விட்டோம். அதை இன்றுதான் எழுத முடிகிறது.

பெரியப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நாங்கள் தாண்டியதும் தொடர்ந்தார்கள். பங்காளிகள் குரூப்பில் எல்லோருடைய டிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் போனை இன்னொருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு இருபத்திரண்டு. இந்தா, நீயே பாரு. கூடப் பொறந்த தம்பிக்கு."

"அஞ்சு நாளா ஐ.சி.யூ.வுல கிடந்தாரு. ஒரு நடை வந்து எட்டிப் பாக்கல."

"ஒம்போது மணி நேரக் கதைதான் தெரியும்ல? அந்த ஆளு மாறவே மாட்டாரு."

நான் திரும்பினேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். லேசாகத்தான் பிடித்தார். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தண்டபாணிக்கு நாலு ரெண்டுக்கே தெரியும், தெரிந்துகொண்டே பெண்ணுக்குத் தாலி கட்ட வைத்தான் என்ற பேச்சு ராத்திரிக்குள் சௌந்தரபாண்டி மாமா வீட்டுக்குப் போய்விடும். யாழினி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அப்பாவுக்கு ஒரே ஒரு சாட்சிதான் வேண்டும், ஆனால் யாரும் சாட்சி சொல்லக் கூடாது. அந்தோணிராஜ் சாரிடம் இப்படி ஒரு வழக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உள்ளே பெரியம்மா பெரியப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தைய ராத்திரி அந்த ஐ.சி.யூ. வாசலில் அப்பாவோடு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நிலைப்படியில் அப்பாவைக் கண்டதும் எழுந்து வந்தார். கூடம் முழுக்க ஆட்கள். வாசலில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் எடுத்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி? உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இப்பத்தான் மதினி" என்றார் அப்பா. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மண்டபத்தில் ஒரு சொட்டு வராத கண்ணிலிருந்து அப்படி வந்தது. வாசலில் ஒருவர் உச்சுக் கொட்டினார். "இப்ப அழுது என்ன பிரயோஜனம்?" என்று இன்னொருவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

பெரியம்மா அழுகையை நிறுத்தவே இல்லை. ஆனால் அவர் கால் மட்டும் சேலைக்குக் கீழே மெதுவாக நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடி பிரவுன் செருப்பு இருந்தது. அதை இன்னும் உள்ளே, யார் கண்ணிலும் படாதபடி தள்ளிவிட்டார்.

நான் வெளியே வந்து நீலச் செருப்பை ஒரு பையில் போட்டேன். பரணி அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுவான்.

யாழினி இன்னும் என்னை குரூப்பில் சேர்க்கவில்லை. அவளிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், அதுவும் கொஞ்ச நாள் கழித்து. நாளைக்கு வகுப்பு இருக்கிறது. சார் இந்த வாரப் பக்கங்களைப் பார்க்கக் கேட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு எதிரே 'அப்பா அறிந்த நேரம்' என்று எழுதி, பக்கத்தில் முதலில் 4:02 என்று போட்டேன். அடித்துவிட்டு 7:22 என்று போட்டேன். அதையும் அடித்துவிட்டேன்.